அரை மார்க் இருமல்

டீச்சர் வந்து நின்ற நேரத்தில் சர்வேயரம்மா கைக்குட்டையின் நுனியை நனைத்துத் தன் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அவருடைய கொழுந்தன், "அண்ணி, ஒரே ஒரு தடவை கேளுங்க" என்று கெஞ்சி, ஒரு பழைய பாட்டுப்பெட்டியிலிருந்து தொங்கிய ரப்பர் குழாயை அவர் காதில் செருகியிருந்தார். காலையிலிருந்து நாற்பது பேர் காதுக்குள் போய்வந்த குழாய் அது என்பதும், நடுவில் ஒருவரும் அதைத் துடைக்கவில்லை என்பதும் அது வெதுவெதுப்பாக உள்ளே நுழைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பாடியது என்ன பாட்டு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அது பழைய போனோகிராஃப் சேகரிப்பாளர்களின் ஆண்டுக் கண்காட்சி. பெரிய கூடம் முழுக்க வரிசையாக மேஜைகள்; மேஜைக்கு மேஜை வாயைப் பிளந்துகொண்டு பித்தளைக் கூம்புகள்; ஒவ்வொரு கூம்பும் தனக்குத் தோன்றியதைப் பாடிக்கொண்டிருந்தது. எண்ணெய், பழைய மரம், பூஞ்சணம், வியர்வை எல்லாம் கலந்து ஒரு வாடை. வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிய ஆண்கள் பெட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி தடவிக்கொண்டும், எதிரில் வந்த மனிதர்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டும் போனார்கள். கடிகாரம் பழுதுபார்க்கும் கொழுந்தன் இந்தச் சங்கத்தில் புது உறுப்பினர். அவருக்கு எல்லாமே அதிசயம், சர்வேயரம்மாவுக்கு எல்லாமே அருவருப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்காக முப்பது வருடம் எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் சுற்றிப் பார்த்து, எது விபத்து, எது விபத்து மாதிரி செய்தது என்று எழுதிக் கொடுத்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தக் கண் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"என் கையிலதாங்க உடைஞ்சுது," என்றார் டீச்சர். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி, ஈரச் சாயம் பட்டதுபோல் விரித்துப் பிடித்திருந்தார். "எங்கப்பாவை நானே உடைச்சுட்டேன்."

"அண்ணி இன்ஷூரன்ஸ்ல சர்வேயரா இருந்தவங்க டீச்சர்," என்று பின்னாலேயே ஓடிவந்த கொழுந்தன் மூச்சிரைக்கச் சொன்னார். "உடைஞ்ச பொருளைப் பார்த்தாலே யார், எப்படி, எதுக்குன்னு புட்டுப்புட்டு வெச்சிருவாங்க. எல்லாத்தையும் சொல்லுங்க!"

"தம்பி, கொஞ்சம் வாயை மூடு," என்றார் சர்வேயரம்மா. "நீங்க முதல்ல உட்காருங்க டீச்சர்."

டீச்சர் சொன்ன கதை இது. அவருடைய அப்பாவிடம் ஒரு போனோகிராஃப் இருந்தது. இசைத்தட்டுக்கும் முந்திய பெட்டி. பாட்டு ஒரு மெழுகுக் குழலில் இருக்கும், டம்ளர் அளவு, இரண்டு பக்கமும் திறந்தது. அந்தப் பெட்டி பாடவும் செய்யும், பதியவும் செய்யும். வழவழப்பான வெற்றுக் குழலை மாட்டி, வேறு ஊசியைப் பொருத்தி, கூம்புக்குள் பேசினால் பேச்சு மெழுகில் கோடுகோடாக விழுந்துவிடும். நெஞ்சு நோயில் படுத்திருந்த அப்பா, தொட்டிலில் கிடந்த மகளுக்காக ஒருநாள் அதில் பேசினார். மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் பார்த்துச் சித்தப்பா அந்தப் பெட்டியையும் குழல்களையும் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டார்.

"என்ன பேசினார்னு அம்மா கடைசிவரைக்கும் சொல்லலைங்க. 'நான் சொன்னா அது என் குரலாயிடும். என்னைக்காவது கிடைச்சா நீயே கேட்டுக்கோ'ன்னுட்டாங்க. முப்பது வருஷமாத் தேடுறேன். போன மாசம் பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டு இருந்தப்ப இவங்க சங்கத்துப் பத்திரிகை கிடந்துச்சு. புரட்டினா, 'செயலாளரின் அலமாரி'ன்னு ஒரு போட்டோ. அதுல குழல் வைக்கிற ஒரு அட்டைப்பெட்டி மூடி மேல எங்கப்பா கையெழுத்து. 'தொட்டிலில் இருப்பவளுக்கு'ன்னு. அவர் எழுதின நோட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, அந்தக் கையெழுத்தை நான் எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிருவேன்."

டீச்சர் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தலைவர் நெகிழ்ந்துபோய், இந்த வருடக் கண்காட்சியில் எல்லோர் முன்னிலையிலும் மகள் அப்பாவின் குரலை முதன்முதலாகக் கேட்பார் என்று நோட்டீஸே அடித்துவிட்டார். இன்று காலை மேடையில் செயலாளர் அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து டீச்சரிடம் நீட்டினார்.

"'உங்கப்பா குரல். நீங்களே எடுத்து மாட்டுங்க, அதுதாம்மா நியாயம்'னு சொன்னார். ரெண்டு விரலை உள்ள விட்டு விரிச்சுத் தூக்கணும்னு சொல்லிக்கொடுத்தார். விட்டேன். 'டப்'புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். 'ஐயையோ, என்னம்மா பண்ணிட்டீங்க'ன்னு அவர் தலையில கையை வெச்சுக்கிட்டார். கூடமே என்னைப் பார்த்துச்சு. அப்புறம் அவரே வந்து தோளைத் தட்டி, 'அழாதீங்க, உங்க மேல தப்பில்ல, பழக்கமில்லாத கை'ன்னார்."

"விரலை விட்டதும் எப்படி இருந்துச்சு?"

டீச்சர் யோசித்தார். "சில்லுனு. பல்லு கூசுற மாதிரி சில்லுனு இருந்துச்சு."

சர்வேயரம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சன்னல்கள் உயரத்தில் மூடிக் கிடந்தன. எல்லோரும் நோட்டீசால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கழுத்தோரத்திலேயே வியர்வை வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மேடை மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பழுப்பு மெழுகு, அடடா, நல்ல ரகம்" என்றார் ஒருவர். "வெளியாளுங்களைத் தொட விட்டா இப்படித்தான்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் உடைந்த மெழுகுத் துண்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதை எடுத்து மேஜை மேல வைங்க," என்றார் சர்வேயரம்மா.

"சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான்..."

"செத்த வீட்டுக்குப் போனா அங்கயும் ஒண்ணு எடுத்துப் பையில போட்டுக்குவீங்களா?"

அவர் அசடு வழியத் துண்டைத் திரும்ப வைத்தார். செயலாளர் எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தோடு வந்தார். நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, தூங்கும்போதும் கழற்றுவாரோ மாட்டாரோ என்று தோன்றும் வெள்ளைக் கையுறை. "இதையெல்லாம் பார்க்கப் பார்க்க அந்த அம்மாவுக்கு வேதனைதான். கூட்டி அள்ளிடலாம்," என்றார் அக்கறையாக.

"அள்ளலாம், அவசரமில்ல," என்ற சர்வேயரம்மா துடைப்பத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்தார். "உங்க சங்கத்துல கையுறை இல்லாம குழலைத் தொடக்கூடாதுன்னு வாசல்லயே போர்டு வெச்சிருக்கீங்களே?"

"விதிதான். ஆனா அப்பா குரலைப் பொண்ணு தொடுறதுக்கு விதி என்னங்க விதி?" செயலாளரின் குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு சர்வேயரம்மாவுக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. தன் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டு அவர் மடியில் விழுந்து அழுத ஒரு பஞ்சு வியாபாரியின் தழுதழுப்பு அது.

செயலாளர் நகர்ந்த பிறகு அவர் அந்த அட்டைப்பெட்டியை எடுத்தார். மூடியில் மங்கிய மையில் அதே எழுத்து. அடியில் விரித்திருந்த பஞ்சை விரலால் அழுத்தினார். ஈரம். பெட்டி இருந்த இடத்தில் பச்சைத் துணி விரிப்பிலும் வட்டமாக ஒரு ஈரக்கறை.

"தம்பி, சில்லுனு இருக்கிற மெழுகுக்குள்ள சூடான விரலை விட்டா என்னாகும்?"

"உள்பக்கம் விரியும் அண்ணி, வெளிப்பக்கம் விரியாது. 'டப்'புனு போயிடும். குளிர் காலத்துல குழலை ஒரு மணி நேரம் வெளியில வெச்சிருந்துட்டுத்தான் தொடணும்னு சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துருவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "ஆனா இது குளிர் காலமே இல்லையே!"

"அதான் கேட்குறேன். இந்தக் கட்டடத்துல ஐஸ் எங்க இருக்கும்னு பார்த்துட்டு வா."

கொழுந்தன் பறந்தார். சர்வேயரம்மா ஒரு செய்தித்தாளை விரித்து, டீச்சரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, நான்கு துண்டுகளையும் ஒட்டுப்போடுவதுபோல் சேர்த்து வைக்கத் தொடங்கினார். டீச்சர் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். துண்டுகளைப் பார்க்கவும் மாட்டேன் என்றார்.

"நீங்க பார்க்க வேண்டாம். அப்பா பேசினதைப் பத்தி அம்மா எதுவுமே சொல்லலையா? என்ன பேசினார்னு கேட்கல. எப்படிப் பேசினார்?"

"அம்மா டைரியில நாலு வரி இருக்கு." டீச்சருக்கு அது மனப்பாடம். "'பாதிகூட ஓடவில்லை, அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஊசியைத் தூக்கிவிட்டேன். மீதியையும் பேசி முடியுங்கள் என்றதற்கு, மீதி வழவழவென்று அப்படியே இருக்கட்டும், அவள் பேச வந்ததும் அதில் பதில் சொல்வாள் என்றார்.' அவ்வளவுதாங்க."

சர்வேயரம்மா துண்டுகளின் மேல் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு டீச்சரின் முழங்கையைப் பிடித்தார்.

"டீச்சர், இப்ப நீங்க பார்த்துத்தான் ஆகணும். இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் கோடு. நடுவுல ஒரு விரற்கடை இடம்கூட வழவழன்னு இல்ல. யாரோ கடைசிவரைக்கும் பாடின குழல் இது, உங்கப்பா பேசினது இல்ல. நீங்க உங்கப்பாவை உடைக்கல."

டீச்சர் துண்டுகளை வெறித்துப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. "அப்போ எங்கப்பா எங்க?" என்றார்.

கொழுந்தன் திரும்பி வந்தார், பின்னாலேயே இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு. குளிர்பானக் கடை போட்டிருந்த அம்மாவிடம் மட்டுமே ஐஸ்பெட்டி இருந்தது. செயலாளர் முந்தின நாள் சாயங்காலமே அதில் ஒரு துணிப்பையை வைத்து, தன் சர்க்கரை வியாதி ஊசிமருந்து என்று சொல்லியிருக்கிறார். இன்று காலை மேடையேறுவதற்கு முன் எடுத்துப் போயிருக்கிறார்.

"சர்க்கரை வியாதியாம் அண்ணி! காலையில டீயில நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடிச்சதை இந்தக் கண்ணால பார்த்தேன். அப்புறம் இவர் பழைய சாமான் வியாபாரி. செயலாளருக்கு அந்த அட்டைப்பெட்டியைக் குழலோட வித்ததே இவர்தான். எனக்கென்னமோ இவர் மேலயும் சந்தேகம்."

"யோவ், டீ வாங்கித் தரேன்னுதானே கூட்டிட்டு வந்தே?" என்று வியாபாரி கொழுந்தனை முறைத்தார். பிறகு சர்வேயரம்மாவிடம் திரும்பினார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஏழு குழல் கொடுத்தேங்க. ஆறு பாட்டு, ஒண்ணு இந்தக் கையெழுத்துப் பெட்டி. ஏழையும் மாட்டி ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்கினார். அந்தக் கையெழுத்துப் பெட்டியில ஒரு ஆம்பளை பேசினார். மெல்லிசாக் கேட்டுச்சு, என்னன்னு நான் கவனிக்கல."

"வெற்றுக் குழல் ஏதாவது கொடுத்தீங்களா?"

"பழைய வெத்துக்குழலா? அதுக்கு எங்கங்க போறது? இவங்க எல்லாரும் அதுக்குத்தானே நாயா அலையுறாங்க. இப்ப புதுசா வார்க்கிற மெழுகுல கரகரன்னு சத்தம் வரும். போட்டிக்கு உதவாது."

"என்ன போட்டி?"

இதற்குக் கொழுந்தன் முந்திக்கொண்டார். வருடா வருடம் சங்கத்தில் பதிவுப் போட்டி நடக்கும். பழைய பெட்டியில், பழைய முறையில், முழுசாக இரண்டு நிமிடம் எதையாவது வாசித்துப் பதிய வேண்டும். யாருடைய பதிவு சுத்தமோ அவருக்குக் கேடயம். போன வருடக் கேடயம் செயலாளருக்கு, மவுத் ஆர்கன் வாசித்ததற்காக. யாருமே தொடாத பழைய வெற்றுக் குழல் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தது என்று அப்போது மேடையில் சொன்னாராம். அந்தக் குழல் கேடயத்துக்குப் பக்கத்தில், அதோ அந்தக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

"பேசின குழலை வெற்றுக் குழல் ஆக்க முடியுமா தம்பி?"

கொழுந்தனின் முகம் கோணிக்கொண்டு போனது. "முடியும். கத்தி வெச்சு மேல் மெழுகை ஒரு சுத்து சீவிட்டா வழவழன்னு ஆயிடும். ஆனா... யாரும் பண்ண மாட்டாங்க அண்ணி. பழைய குழலைச் சீவினவனை அன்னைக்கே சங்கத்தை விட்டுத் தூக்கிடுவாங்க."

"நடுவர்கள் எழுதின மார்க் எங்கயாவது இருக்கா?"

இருந்தது, டீச்சர் பார்த்த அதே பத்திரிகையில். கொழுந்தன் தன் தோள்பையிலிருந்து எடுத்து உரக்கப் படித்தார்: "'தெளிவு பத்துக்குப் பத்து. இசை பத்துக்கு எட்டு. பதிவுச் சுத்தம் பத்துக்கு ஒன்பதரை. பாட்டு நடுவே ஒரு இருமல் கேட்பதால் அரை மதிப்பெண் குறைக்கப்பட்டது.'"

சர்வேயரம்மா பத்திரிகையை வாங்கி அந்த வரியைத் தானும் ஒரு தடவை படித்தார். காலையில் காதுக்குள் நுழைந்த அந்த ரப்பர் குழாயே இதற்குத் தேவலை என்று தோன்றியது. பிறகு எழுந்து, தலைவரைத் தேடிப் போனார்.

தலைவருக்குக் காது மந்தம். பன்னிரண்டு வருடமாக ஒரு பாட்டுப்பெட்டிச் சங்கத்துக்கு அவர் சிரித்த முகத்தோடு தலைவராக இருப்பதன் ரகசியமே அதுதான் என்று உறுப்பினர்கள் சொல்வார்கள். சர்வேயரம்மா அவர் காதருகே குனிந்து, கேடயம் வாங்கிய குழலை ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா என்று இரண்டு தடவை கேட்டார். துக்கமான நாளில் நல்ல யோசனை என்றார் தலைவர். ஐந்து நிமிடத்தில் மற்ற எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தச் சொல்லி, கூட்டம் மேடையைச் சுற்றிக் கூடிவிட்டது.

"இப்ப எதுக்கு இது?" என்றார் செயலாளர். "ஒவ்வொரு தடவை ஓட்டினாலும் தேயும். எல்லாருக்கும் தெரியும்."

"ஒரு தடவைதான்," என்றார் சர்வேயரம்மா. "தம்பி, சாவி கொடு."

கொழுந்தன் கையுறை மாட்டிக்கொண்டு குழலைப் பொருத்தினார். கூம்பிலிருந்து மவுத் ஆர்கன் கிளம்பியது, துள்ளலான மெட்டு. முன்வரிசையில் ஒருவர் காலால் தாளம் போட்டார். பாதிக்குக் கொஞ்சம் முன்னால், மெட்டுக்கு அடியில், தூரத்து அறையிலிருந்து வருவதுபோல் ஓர் இருமல் கேட்டது. வறண்ட, நீண்ட இருமல். பாட்டு அதைக் கவனிக்காமல் ஓடி முடிந்தது.

"இருமினது யாருங்க?" என்றார் சர்வேயரம்மா.

"கூட்டத்துல யாராவது இருமியிருப்பாங்க," என்றார் செயலாளர்.

"தனி அறையில கதவைச் சாத்திக்கிட்டுத்தானே பதியணும்? கூட யாரும் இருக்கக்கூடாதுங்கிறது சங்க விதியாச்சே," என்று கூட்டத்திலிருந்து வியாபாரி குரல் கொடுத்தார்.

"சரி, நான்தான் இருமினேன். அன்னைக்கு எனக்குத் தொண்டை சரியில்ல. அதுக்குத்தான் அரை மார்க் குறைச்சாங்களே, அது போதாதா?"

"தாராளமாப் போதும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளக்கிடுங்க. இருமல் கேட்குற நேரம் முழுக்க மவுத் ஆர்கனும் கேட்குது. ஒரு சுரம்கூட விட்டுப்போகல. மவுத் ஆர்கனை வாயில வெச்சு ஊதிக்கிட்டே, அதே வாயால எப்படிங்க இருமினீங்க?"

செயலாளர் கையுறையின் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். கொழுந்தன் துள்ளிக் குதிக்காத குறையாக ஒரு தடவை தன் அண்ணியையும் ஒரு தடவை கூட்டத்தையும் பார்த்தார்.

சர்வேயரம்மா குரலை உயர்த்தவே இல்லை. கிடங்குத் தீ விபத்து அறிக்கையை வாசிக்கும் குரலிலேயே சொல்லிக்கொண்டு போனார். "இது வெற்றுக் குழல் இல்ல. இவங்கப்பா பேசின குழல். வெற்றுக் குழல் கிடைக்காம, இதைச் சீவிட்டு மேல வாசிச்சிருக்கீங்க. மூடியில 'தொட்டிலில் இருப்பவளுக்கு'ன்னு எழுதியிருந்ததைப் படிச்சீங்க, குரலையும் கேட்டீங்க, அப்புறம்தான் சீவினீங்க. அழகா இருக்கேன்னு காலிப் பெட்டியை அலமாரியில வெச்சீங்க. அந்த போட்டோவைப் பார்த்து இவங்க லெட்டர் போட்டதும், தலைவர் நோட்டீஸ் அடிச்சதும் கழுத்துக்குக் கத்தி வந்துடுச்சு. வேற ஒரு பழுப்புக் குழலை ராத்திரி முழுக்க ஐஸ்ல வெச்சு, இன்னைக்கு இவங்க கையில கொடுத்தீங்க. பெட்டிக்குள்ள பஞ்சு இன்னும் ஈரமா இருக்கு. ஐஸ்பெட்டிக்காரம்மாவும் இங்கதான் நிக்குறாங்க."

"அப்போ இருமல் எப்படி அண்ணி சீவுறதுக்குத் தப்பிச்சுது?" என்றார் கொழுந்தன். உண்மையிலேயே தெரியாமல் கேட்டாரா, அண்ணிக்கு எடுத்துக்கொடுக்கக் கேட்டாரா என்று சொல்ல முடியாது.

"அதுக்கு உங்க ஆளுங்களோட கஞ்சத்தனம்தான் காரணம். நல்லா ஆழமாச் சீவியிருந்தா ஒரு தடயமும் இருந்திருக்காது. ஆனா பழைய மெழுகு ஆச்சே, மனசு வருமா? மறுபடியும் ஒரு தடவை சீவிக்கலாம், மறுபடியும் ஒரு கேடயம் வாங்கலாம்னு காகிதக் கனத்துக்கு மட்டும் சீவியிருக்கார். சன்னமாப் பேசின பேச்சு மேலாக விழுந்திருந்துச்சு, போயிடுச்சு. பலமா வந்த இருமல் ஆழமா விழுந்துச்சு, தங்கிடுச்சு."

அதன் பிறகு நடந்ததுதான் சர்வேயரம்மாவுக்கு அன்றைய நாளின் உச்சகட்ட அருவருப்பு. கூட்டம் பொங்கி எழுந்தது. "சீவினியா? பழைய பழுப்புக் குழலையா?" என்று ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "இன்னொரு குழலையும் ஐஸ்ல வெச்சு உடைச்சிருக்கானே! ஆக மொத்தம் ரெண்டு!" என்று இன்னொருவர் கத்தினார். கேடயத்தை இரண்டாம் இடம் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று இரண்டாம் இடம் வாங்கியவர் கோரினார். தலைவர் செயலாளரை அந்த நிமிடமே நீக்குவதாக அறிவித்து, அதற்குப் பொருந்தும் விதி எண்ணையும் சொன்னார். அந்த விதி மெழுகைப் பற்றியது. டீச்சரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டீச்சர்தான் எழுந்து செயலாளர் முன்னால் போய் நின்றார். கூச்சல் தானாகவே குறைந்தது.

"சீவிட்டீங்க, சரி. சொல்ல வெட்கம், அதுவும் சரி. உடைஞ்சுபோச்சுன்னு நீங்களே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. கைதவறிப் போட்டுட்டேன்னு சொல்லியிருந்தா நான் அழுதுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எதுக்கு என் கையைக் கேட்டீங்க?"

செயலாளர் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வந்தது, சாதாரணமாக, கணக்குச் சொல்வதுபோல்.

"என் கையில உடைஞ்சா துண்டை எடுத்துப் பார்ப்பாங்க, கேள்வி கேட்பாங்க. உங்க கையில உடைஞ்சா யாரும் கேட்க மாட்டாங்கன்னு தோணுச்சு. நீங்களும் கேட்க மாட்டீங்க."

கொழுந்தன் பாய்ந்தார். சர்வேயரம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். முப்பது வருட வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். தீ வைத்தவனெல்லாம் காசுக்காக வைத்தான். பழியை மின்சாரத்தின் மேல் போட்டான். அப்பாவின் குரலுக்காக முப்பது வருடம் அலைந்த ஒருத்தியின் விரல்மேல் போட்டவனை இப்போதுதான் பார்க்கிறார். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கூடம் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

தலைவர் மெல்ல முன்னால் வந்து, சங்கத்தின் பொக்கிஷ அறையில் இந்தக் குழலை முறையான வெப்பத்தில் பாதுகாப்பதாக, டீச்சர் ஒப்புக்கொண்டால் மறுபடி ஒரு முறை எல்லோருக்கும் ஒலிபரப்பி...

"முதல்ல எல்லாரும் வெளிய போங்க," என்றார் டீச்சர். வகுப்பறையில் முப்பது வருடம் பழகிய குரல். "இந்தப் பெட்டிக்குச் சாவி கொடுக்கத் தெரிஞ்ச இந்தத் தம்பி மட்டும் இருக்கட்டும்."

எல்லோரும் போனார்கள். கையுறை மாட்டிய அத்தனை பேரும் வரிசையாக வெளியேறி, வாசலில் உச்சி வெயிலில் நின்றார்கள். சர்வேயரம்மாவும் போனார். கதவு மூடிக்கொண்டது. வெளியில் வழக்கம்போல் கேடயம், மெழுகு, விதி எண் என்று பேச்சு கிளம்பியது. செயலாளர் தனியே மதில் ஓரமாக நின்று கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தார். சர்வேயரம்மா அவர்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி நின்றார்.

உள்ளே மவுத் ஆர்கன் ஒலித்து நின்றது. மறுபடி ஒலித்து நின்றது. மூன்றாவது தடவை பாதியில் நின்றது. அதன் பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை.

கதவைத் திறந்தது கொழுந்தன். கையுறையைக் கழற்றியபடி விலகி வழிவிட்டார். டீச்சர் கூம்பின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தலையைக் கூம்புக்குள்ளேயே நுழைத்துக் கேட்டிருக்க வேண்டும், ஒரு பக்கக் கன்னத்தில் பித்தளை விளிம்பின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"இருமினதுக்கு அப்புறம் பேசுறாருங்க," என்றார்.

சர்வேயரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உங்ககிட்டயா?"

"இல்ல. எனக்குச் சொன்னதெல்லாம் போயிடுச்சு. இது அம்மாகிட்ட. மூச்சு வாங்கிக்கிட்டே, கூம்புக்குள்ளயே வாயை வெச்சுச் சொல்லிட்டார் போல, அதான் இதுவும் ஆழமா விழுந்திருக்கு. 'கொஞ்சம் தண்ணி குடு கண்ணு'ங்கிறார்."

அவர் கன்னத்துத் தடத்தை விரலால் தடவிக்கொண்டார்.

"எங்கம்மாவை யாரும் கண்ணுன்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லைங்க," என்றார் டீச்சர்.